ஐந்நூறு கோடும் ஒரு புள்ளியும்

என் கல்யாணப் படத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிற பெண்ணை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவளுக்கு என் மூக்கு, என் நெற்றி, என் அம்மா போட்டனுப்பிய நகைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இடது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, மிளகைப் பிளந்து ஒட்டியது போல எனக்கு இருக்கும் மச்சம் அவளுக்குக் கிடையாது. செங்கல்பட்டு பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த பாய், நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் அதை மூடிவிட்டார். நான் கேட்டபோது, "கல்யாணப் பொண்ணு மொகம் பளிச்னு இருக்க வோணாமா?" என்றார். பெண்களின் அம்மைத் தழும்பையும் மாப்பிள்ளைகளின் பருவையும் அவர் அப்படித்தான் யாரிடமும் சொல்லாமல் எடுத்துவிடுவார். தனியாக ஒரு காசும் கேட்கமாட்டார். ஊரே அதற்காக அவரைக் கொண்டாடியது. நான் மட்டும் பொருமிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் அதே பாய் அதே கையால் இன்னொரு புள்ளியையும் அழித்தார். அது என் கன்னத்தில் இருந்த புள்ளி இல்லை. என் வீட்டுக்காரரின் பிழைப்பே அந்தப் புள்ளியை நம்பி நின்றது.

என் வீட்டுக்காரர் திருக்கழுக்குன்றம் சாலையில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரே ஒரு லேத், ஒரே ஒரு ஆள். கழனிப் பக்கத்து ஆயில் என்ஜின்களும் கடலோர லாஞ்சுப் படகுகளும் எதை உடைத்துக்கொண்டாலும் அவரிடம்தான் வரும். நான் உள்ளூர்க் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்டிரேட்டர். பெரிய வேலை ஒன்றுமில்லை. பையன்கள் உடைக்கும் லென்ஸ்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் பஜாரில் எல்லாருக்கும் நான் டீச்சரம்மா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு வாய் இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போயிருந்தோம். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது அவர் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். சுளுக்கா என்று கேட்டேன்.

"இல்ல. கோபுரத்த நேரா பாத்தா காணோம். பக்கத்துல கடலப் பாத்தா கோபுரம் வந்துடுது" என்றார்.

பேசாத மனிதர் ஒரு நாள் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், பொங்கலிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது என்றார். எதை நேராகப் பார்த்தாலும் அதன் மேல் யாரோ கட்டைவிரலை வைத்து மறைத்த மாதிரி இருக்கிறதாம். என்னைப் பார்த்தால்கூட அப்படித்தானாம். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கொஞ்ச நாளாக அவர் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பேசினார். அதற்காக நான் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அவருக்கு அந்தத் தூக்கின முகமும் தெரிந்திருக்காது.

மெட்ராஸ் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, ஓரமெல்லாம் நன்றாக இருக்கிறது, நடக்கலாம், சைக்கிள்கூட மெதுவாக ஓட்டலாம், பொடியாக எதையும் பார்க்க முடியாது, கண்ணாடி போட்டுப் பயனில்லை என்றார் அவர். என் வீட்டுக்காரர் அதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டயல் படிக்க முடியுமா, சார்?" டாக்டருக்கு அவர் எந்த டயலைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

லேத்தில் வெட்டும் டூலை முன்னால் தள்ளுவதற்கு ஒரு சின்னக் கைச்சக்கரம் இருக்கும். அதன் கழுத்தில் ஒரு வளையம். அந்த வளையத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி நூறு கோடுகள். கோடு பார்த்துத் தள்ளினால்தான் இரும்பு சொன்ன அளவுக்குத் தேயும். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கும் இடத்தையும் ஐந்தாகப் பிரித்துப் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண் போய்விட்டது. அடுத்தடுத்து இரண்டு வேலை கெட்டது. இரண்டையும் சொந்த இரும்பில் மறுபடி செய்ய முயன்றார். முடியாமல், "மிசின் ரிப்பேர்" என்று வாசலில் ஒரு அட்டையை மாட்டினார். கண் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாவிட்டால் என்ன, கழுகுக்கு மூக்கில் வியர்க்குமே. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பெரிய பட்டறை போட்டிருந்த ஒருவர் வந்து சேர்ந்தார். இழவு வீட்டுக்கு வருகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, நான் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாத்த, மிசின் சொம்மா நின்னா துரு புடிச்சிரும். எங்கிட்ட குடுத்துடு. நீயும் எங்கிட்டயே வந்து மேஸ்திரியா சொம்மா ஒக்காந்துகினு இரு."

"ஆடி போவட்டும், சொல்றேன்" என்றார் இவர்.

அவர் போன பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன். யாரையாவது வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், அவன் கோட்டைப் படித்துச் சொல்லட்டும் என்றேன். "அவன் கண்ணால பாத்து என் கையால வெட்டறதா? அப்ப சோத்தையும் அவனே மென்னு குடுக்கட்டும்" என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசினால் கோபம் தலைக்கேறியிருக்கிறது என்று அர்த்தம். வளையத்தின் விளிம்பில் அரத்தால் பள்ளம் போட்டு நகத்தால் எண்ணிப் பார்த்தார். சுற்றுக்கு ஐம்பது பள்ளம்வரை நகம் ஒப்புக்கொண்டது, அதற்கு மேல் பள்ளங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவருக்கு வேண்டியது ஐந்நூறு. நகத்தால் ஆகிற காரியமில்லை.

கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அதை நான் பார்த்தேன். வட்டமான ஒரு கண்ணாடித் தட்டு, அதில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் நெருக்கமான கோடுகள், ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னப் பொருள். தட்டு சுழன்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் வெளிச்சம் ஒரு தடவை வெட்டும். வெட்டை எண்ணினால் எவ்வளவு திரும்பியது என்று தெரிந்துவிடும். என்கோடர் என்று பெயர் போட்டிருந்தது. அங்கே அந்தக் கணக்கை எண்களாகக் காட்டினார்கள். எனக்கு எண் வேண்டாம், சத்தம் போதும். வளையம் ஒரு கோடு திரும்பினால் அவர் காதில் ஒரு 'டிக்' விழ வேண்டும், அவ்வளவுதான். கண் செய்த வேலையைக் காது செய்துவிட்டுப் போகட்டுமே!

பழைய ரேடியோக்களில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் ஒரு வகை டிரான்சிஸ்டர் உண்டு. அதன்மேல் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள், வெளிச்சம் பட்டால் அதற்குப் புத்தி மாறிவிடும் என்பதால். எனக்கு அந்தப் புத்தி மாற்றம்தான் வேண்டியிருந்தது. அவருடைய சவர பிளேடால் வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, ஒரு சின்ன ஸ்பீக்கரோடு சேர்த்து, எதிரில் டார்ச் பல்பை வைத்து, நடுவில் என் சீப்பை இழுத்தேன். ஸ்பீக்கர் 'டிரிக்' என்றது. அவர் சீப்பை என் கையிலிருந்து வாங்கினார். பல் பல்லாக, மிக மெதுவாக இழுத்தார். பாதியில் நிறுத்தினார்.

"உன் சீப்புல ஒரு பல்லு இல்ல."

பார்த்தேன். இல்லைதான். எத்தனையோ நாளாக அந்தச் சீப்பால் தலை வாரிய எனக்கே அது தெரியாது. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் கீது, உன் டிக்டிக் டப்பா" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

இனிமேல்தான் மலையைப் பிளக்கும் வேலை. ஒரு வட்டத்தை ஐந்நூறு சமபாகமாகப் பிரிக்க வேண்டும். கோணமானியை வைத்துக்கொண்டு பிரித்தால் கிழவிப் பல் வரிசை மாதிரிதான் வரும். நேர்கோட்டைச் சமமாகப் பிரிப்பது சுலபம், ஏற்கெனவே பிரித்து அச்சடித்தே விற்கிறார்களே, கிராப் தாள்! அதை ஒரு மீட்டர் நீளத்துக்கு நாடாவாக வெட்டி ஒட்டி, ஒரு மரத்தட்டின் விளிம்பைச் சுற்றிக் கட்டினால், இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக ஐந்நூறு பாகம் தானாகக் கிடைக்கும். ஆனால் தட்டின் சுற்றளவு மிகச் சரியாக ஒரு மீட்டர் இருக்க வேண்டும். நாடாவின் இரண்டு முனையும் இடைவெளி இல்லாமலும் ஏறாமலும் முட்ட வேண்டும்.

தேக்குப் பலகையை லேத்தில் மாட்டி அவர் கடைந்தார். மூடிய பட்டறைக்குள் பல நாள் கழித்து அந்த மிஷின் ஓடிய சத்தம் கேட்டது. கொஞ்சம் சீவுவார், நாடாவைச் சுற்றுவார், முனைகள் சேரும் இடத்தை நகத்தால் தடவுவார், மறுபடி சீவுவார். கடைசியில் ஒரு காலை நேரம் நகம் தடுக்காமல் ஓடியது. "சேந்துடுச்சு" என்றார். நான் மத்தியானம் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தேன், முனைகளுக்கு நடுவில் சந்து! அவர் சரியாகச் செய்யவில்லை என்று கத்தினேன். அவர் சாயங்காலம் வரை இருக்கச் சொன்னார். கடல் காற்று வந்ததும் சந்து மூடிக்கொண்டது. காகிதம் ஆடிக்காற்றில் காய்ந்து சுருங்குகிறது, கடல் காற்றைக் குடித்து நீள்கிறது. ஊரில் எல்லாரும் செய்வதை அதுவும் செய்கிறது, அவ்வளவுதான். ஆகவே கடல் காற்று வரும் நேரமாகப் பார்த்து நாடாவை ஒட்டி, கையோடு வார்னிஷ் அடித்துவிட்டோம்.

தட்டைப் பெரிய வெள்ளைச் சார்ட் தாளின் நடுவில் வைத்து, மையத்தில் ஆணியடித்து, அதில் ஸ்கேலைக் கோத்து, கோட்டுக்குக் கோடு நகர்த்தி இந்தியன் இங்கில் வரைந்தேன். அந்த ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை, தாளிப்பு இல்லை, தும்மலுக்குக்கூட முற்றத்துக்குப் போக வேண்டும். அவர் திண்டாடிப்போனார் பாவம். ஒரு தடவை என் பின்னால் நின்று, "எறும்பு மாதிரி ஏதோ ஊர்றது மட்டும் தெரியுது, அது உன் கைதானா?" என்று கேட்டார்.

கோடுகளெல்லாம் முடிந்த பிறகு, வட்டத்துக்கு உள்ளே ஒரே ஒரு இடத்தில் மிளகளவு ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிதான் முக்கியம். ஐந்நூறு 'டிக்'கும் ஒரே மாதிரி கேட்கும். எண்ணிக்கொண்டே வரும்போது யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போச்சு. போனால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது? சுற்றுக்கு ஒரு தடவை, 'இதுதான் ஆரம்பம்' என்று வேறு குரலில் ஏதாவது சொல்ல வேண்டும். புள்ளிக்கு நேராக இன்னொரு டிரான்சிஸ்டர், அதற்கு 'கூ' என்று ஒரு தனி ஒலி. உடைந்த சீப்புப் பல்லிலிருந்து எடுத்த யோசனை அது.

சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு பாயிடம் போனேன். மச்சப் பகை ஒருபுறம் இருந்தாலும் அவரைப் போல ஒரு கேமராக்காரர் இந்தப் பக்கத்தில் கிடையாது என்பதை என்னால் மறுக்க முடியாது. மெட்ராஸில் அச்சகங்களுக்குப் பிளாக் செய்கிறவர்கள் பயன்படுத்தும், கறுப்பையும் வெளுப்பையும் மட்டுமே காட்டும் பிலிமை வரவழைத்தார். கடைக்குப் பின்னால் வெயில் விழும் சுவரில் சார்ட்டை ஒட்டி, துணிமூடிய பழைய மரக் கேமராவை நிறுத்தி, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, ஒரே மாதிரி இரண்டு படம் எடுத்தார். சார்ட்டில் கறுப்பாக இருந்ததெல்லாம் நெகட்டிவில் கண்ணாடி போலத் தெளிவாகிவிடும், மற்றதெல்லாம் கறுப்பு. எனக்கு அதுதான் வேண்டும். இரண்டு நாள் கழித்து இரண்டு பிலிம்களையும் பட்டுத்தாளில் சுற்றிக் கொடுத்தார். "நல்லா சுத்தம் பண்ணி வெச்சிகீறேன் டீச்சரம்மா" என்றார். நான் அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் ஒரு வாரத் தலைவலி மிச்சமாகியிருக்கும்.

ஒரு பிலிமை வட்டமாக வெட்டிக் கைச்சக்கரத்தோடு சுழலும்படி மாட்டினோம். இன்னொன்றில் ஒரு துண்டு வெட்டி, புள்ளிக்கு நேராக ஒரு ஓட்டை போட்டு, அசையாமல் அதற்கு முன்னால் நிறுத்தினோம். ஒரு கோட்டை மட்டும் பார்த்தால் அந்தக் கோட்டின் கோணல் எல்லாம் தெரியும். கோட்டுக் கூட்டத்தையே சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் கோணலை இன்னொன்று ஈடுகட்டிவிடும். கூட்டுக் குடும்பத்தில் நான் கண்ட ஒரே நன்மையும் அதுதான். பல்பைப் போட்டு, அவரைக் கைச்சக்கரத்தைத் திருப்பச் சொன்னேன். டிக். டிக். டிக். அவர் விரல் நுனி அசைவதே தெரியவில்லை, ஸ்பீக்கர் மட்டும் மணிமணியாகச் சொன்னது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் சாமி கும்பிட்டேன்.

பிறகு ஒரு முழுச் சுற்று சுற்றினார். 'கூ' வரவில்லை.

டிரான்சிஸ்டரை மாற்றினேன். பல்பை மாற்றினேன். பற்றவைத்த இடங்களையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். என் சர்க்யூட்டைத் திட்டினேன், ரேடியோக் கடைக்காரரைத் திட்டினேன், பக்கத்தில் இருந்த பாவத்துக்கு என் வீட்டுக்காரரையும் திட்டினேன். அவர் புள்ளி இல்லாமலே வேலை செய்து பார்த்தார். சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், எண்ணிக்கை தொலைந்துவிடும். தொலைந்தால் அந்த இரும்பும் தொலைந்தது. ஆடி கடைசி வாரத்தில் ஒரு நாள் பட்டறைக்குப் போனபோது அவர் லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எண்ணெய் தடவி, பளபளவென்று வைத்திருந்தார். விற்கப்போகிற மாட்டைக் குளிப்பாட்டுவது போல இருந்தது. சுழலும் பிலிம் தட்டை மட்டும் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

எங்கள் ஆய்வகத்தில் அளவெடுக்கும் நுண்ணோக்கி ஒன்று உண்டு. அதன் அடியில் தட்டை வைத்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தைத் தேடினேன். வெறும் கண்ணுக்கு அந்த இடம் கறுப்பாகத்தான் இருந்தது, சுற்றியுள்ள கறுப்போடு கறுப்பாக. நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே ஒரு தூரிகைத் தடம். அவ்வளவு சின்ன இடத்தில், விளிம்பைத் தாண்டாமல், வட்டமாகச் சுழித்து, அழகாக மூடியிருந்தது கறுப்பு மை. எனக்கு அந்தக் கையைத் தெரியும். அந்தக் கை வேலை செய்த படம் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

பஜார் முழுக்க எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. ஸ்டூடியோவில் பாய் யாருக்கோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த ஆள் வெளியே போகும்வரை நான் பொறுத்ததே பெரிது.

"பாய், இதுல ஒரு புள்ளி இருந்துச்சே. எங்க?"

"அதுவா? மசி சொட்டிகினு இருந்துச்சி டீச்சரம்மா. கோடெல்லாம் அவ்ளோ ஒயுங்கா போட்டுட்டு, ஒரு எடத்துல கை தவறிட்டீங்கோ போல. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கோன்னு நானே எடுத்துட்டேன்." அவர் முகத்தில், கல்யாணப் படத்தைப் பற்றிக் கேட்ட அன்றைக்குப் பார்த்த அதே உபகாரச் சிரிப்பு.

"அது மசி இல்ல பாய்! நான் வேணும்னே வெச்ச புள்ளி! அது இல்லன்னா அவர் லேத்த வித்துட்டு எவன் பட்டறையிலயோ போய் ஒக்காரணும். அவருக்குக் கண்ணு தெரியல பாய், தெரியுமா உங்களுக்கு? அன்னிக்கு என் மூஞ்சில இருந்தத எடுத்தீங்க. இன்னிக்கு அவர் சோத்துல இருந்தத எடுத்துட்டீங்க."

யாரிடமும் சொல்லக்கூடாத விஷயத்தை பஜாருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன். பாய் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"இன்னாம்மா இது, பேஜாராப் போச்சு. ஊர்ல அத்தினி பேரும் புள்ளிய எடு, புள்ளிய எடுன்னு வராங்கோ. உங்க வூட்ல மட்டும்தான் புள்ளி வோணும்னு சண்டைக்கு வரீங்கோ. அன்னிக்கு அவரு, இன்னிக்கு நீங்கோ."

"அவரா?"

"ஆமா. கல்யாணம் ஆயி ஒரு வாரங்கூட ஆவல. நான் கடை தொறக்கறதுக்கு மின்னாடியே வந்து நின்னுகினு கீறாரு. 'இது என் பொண்டாட்டி இல்ல'ன்னாரு. அவ்ளோதான், வேற பேச்சு இல்ல. பென்சிலக் கயுவிட்டு வேற காப்பி போட்டுக் குடுத்தப்பறம்தான் நவுந்தாரு. உங்களுக்குக் காட்டலியா?"

நான் தட்டை அவரிடம் நீட்டினேன். பாய் எழுந்து உள்ளே போய், ஈரப் பஞ்சை ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தார். தட்டை மேசைமேல் வைத்து, குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போலத் துடைத்தார். மை கரைந்து போனது. கறுப்புக்கு நடுவில், கடுகைவிடச் சின்னதாக, வெளிச்சம் தெரிந்தது. "அல்லா, இத்தப் போயி மசின்னு நெனச்சிட்டேனே" என்றார். கண் விஷயத்தைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகு யாரிடமும் பேசவும் இல்லை. பிறர் குறையை வாய்விட்டுச் சொல்லாத குணம் அவருக்கு. அதே குணத்துக்காகத்தான் சற்று முன்னால் நான் அவரைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேன்.

வீட்டுக்காரரிடம் நான் எதையும் கேட்கவில்லை. தட்டை மாட்டினேன். அவர் திருப்பினார். டிக், டிக், டிக் என்று போய், ஓரிடத்தில் 'கூ' என்றது. அவர் கையை எடுத்துவிட்டு, மறுபடி திருப்பி, மறுபடி அதே இடத்தில் அதைக் கூவ வைத்தார். வாசலில் இருந்த "மிசின் ரிப்பேர்" அட்டையை எடுத்து எண்ணெய்ச் சட்டிக்கு மூடியாகப் போட்டார்.

ஆடி முடிவதற்குள் கடப்பாக்கத்திலிருந்து ஒரு லாஞ்சுக்காரர் வந்தார். என்ஜினுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் தண்டு முறிந்துவிட்டதாம். ஆடி கழிந்ததும் கடலுக்குப் போக வேண்டும். தண்டு சுழலும் பித்தளை வளையத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார், அதற்குள் பொருந்துகிற மாதிரிப் புதுத் தண்டு வேண்டும். கொஞ்சம் பெருத்தால் நுழையாது, கொஞ்சம் இளைத்தால் தண்ணீர் ஒழுகும். நான் அன்று கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்த சாக்கில் பட்டறையிலேயே நின்றேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி வெட்டினார். காது ஸ்பீக்கர் பக்கம், கை சக்கரத்தில். பித்தளை வளையத்தை வைத்து விரலால் தடவிப் பார்ப்பார், இன்னும் இவ்வளவு என்று உதடு அசையும், டிக் டிக் என்று தள்ளுவார். கடைசி வெட்டு. உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"அண்ணாத்த, நாஸ்தா ஆச்சா?" என்றார் லாஞ்சுக்காரர்.

எனக்கு அவர் வாயில் சோற்றுச் சட்டியை அப்படியே கவிழ்க்கலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரரின் உதடு நின்றது. எண்ணிக்கை போய்விட்டது, எனக்கும் தெரிந்தது. "ஆச்சு, ஆச்சு" என்று அவருக்கு நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு, சக்கரத்தை நன்றாகப் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் திருப்பினார். 'கூ' என்றது. அங்கிருந்து மறுபடி எண்ணினார்.

"இன்னா அண்ணாத்த, மிசின் கூவுது?"

"வூட்ல செஞ்சி குடுத்தாங்க" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

தண்டைக் கழற்றி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வளையத்தை மேலே வைத்தார். வளையம் ஒரு கணம் நின்றது. பிறகு தன் எடையிலேயே, அவசரப்படாமல், அடிவரைக்கும் இறங்கியது. லாஞ்சுக்காரர் "அட!" என்றார். சிங்கப்பெருமாள் கோயில்காரர் ஆவணி பிறந்ததும் வந்தபோது, "மிசினுக்கு வேல கீது" என்று இவர் ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். அவருக்கும் நான் காபி கொடுத்தேன். சந்தோஷத்தில் சர்க்கரை கூடிவிட்டது.

அன்று லாஞ்சுக்காரர் தண்டைக் கோணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போன பிறகுதான் நான் கேட்டேன்.

"கல்யாணம் ஆன புதுசுல பாய்கிட்ட போய் சண்டை போட்டீங்களாமே?"

அவர் டூல் பெட்டியைத் திறந்தார். அந்தப் பெட்டியை நான் எத்தனையோ தடவை மூடிய நிலையில் பார்த்திருக்கிறேன். மூடியின் உட்புறத்தில், நான்கு பக்கமும் செம்புத் தகடு வைத்து ஆணியடித்து, ஒரு படம். எண்ணெய்க் கைபட்டு விளிம்பெல்லாம் பழுப்பேறியிருந்தது. மாலையும் கழுத்துமாக நான், என் மச்சத்தோடு.

"ஏன் எங்கிட்ட காட்டல?"

"வூட்ல நீயே கீறயே. இங்கதான் இல்ல."

அவர் தலையைச் சாய்த்து, படத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். படம் அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்று எனக்குத் தெரியும். மச்சம் தெரியவே தெரியாது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்: "இப்ப தெரியுதா?"

"தெரியல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என் காதுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டே, எண்ணெய் விரலை நீட்டினார். விரல் எங்கேயும் தேடவில்லை. நேராக வந்து என் மச்சத்தின் மேல் நின்றது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதையும் அவரால் பார்க்க முடியாதே என்று, "அழறேன்" என்று நானே சொன்னேன்.

"தெரியுது" என்றார் அவர், விரலை எடுக்காமல். "ஈரமா கீது."